கம்பெனி வரியைக் குறைவாகப் பிடித்துவிட்டதா? சம்பளக் கணக்குத் தவறும் வரி பாக்கியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதா மாதம் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள், ஆகவே நம் வரி சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் நினைக்கிறோம். ஜூன் மாதம் கம்பெனி தரும் வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16 வந்ததும் ரிட்டர்ன் போட உட்கார்ந்தால், கட்ட வேண்டிய வரி என்று எழுபதாயிரமோ ஒரு லட்சமோ திரையில் நிற்கிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறேன். இந்தியாவில் சம்பளம் வாங்கி, இந்தியாவில் வரி கட்டுபவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் 2025-26 நிதியாண்டு வரையிலான சம்பளத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே செல்லும் என்பதால், பிரிவு எண்களை அந்தச் சட்டத்திலிருந்தே தருகிறேன்.

தப்பு செய்தது கம்பெனி. வரியை நான் ஏன் கட்ட வேண்டும்?

இந்தக் கேள்விக்கான பதில் எந்த வகைத் தப்பு நடந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டவர்களும் உண்டு, கட்டத் தேவையில்லாததைக் கட்டியவர்களும் உண்டு.

முதல் வகை, கம்பெனி வரியைப் பிடிக்கவே இல்லை, அல்லது குறைவாகப் பிடித்தது. அந்தப் பணம் சம்பளமாக உங்கள் கைக்கு வந்துவிட்டது. 191-ஆம் பிரிவின்படி, பிடிக்கப்படாத வரியை நீங்கள்தான் நேரடியாகக் கட்ட வேண்டும். வருமானம் உங்களுடையது, வரியும் உங்களுடையது. 192-ஆம் பிரிவு கம்பெனிக்கு வரி பிடிக்கும் கடமையைத் தருகிறது. ஆனால் அவர்கள் அதைச் சரியாகச் செய்யவில்லை என்பதால் உங்கள் வரி மறைந்துவிடாது.

இரண்டாவது வகை, கம்பெனி உங்கள் சம்பளத்தில் வரியைப் பிடித்துவிட்டது, அரசாங்கத்துக்குக் கட்டவில்லை. இங்கே நிலைமை நேர் எதிர். பிடிக்கப்பட்ட அளவுக்கு உங்களிடம் மறுபடி வரி கேட்கக் கூடாது என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பணத்துக்குப் பொறுப்பு கம்பெனி.

வேறு எதைச் செய்வதற்கும் முன்னால், உங்களுடையது எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று தாள்கள் வேண்டும். பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகள், படிவம் 16, உங்கள் பெயரில் அரசுக்கு வந்து சேர்ந்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் (வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில் எடுக்கலாம்). இதோடு ஆண்டுத் தகவல் அறிக்கை எனப்படும் ஏ.ஐ.எஸ்.-ஐயும் இறக்கிக்கொண்டால் நல்லது.

சம்பளச் சீட்டுகளில் டி.டி.எஸ். என்று கழித்த தொகையைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை 26ஏஎஸ்-ல் இருக்கும் தொகையோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போனால் பிடித்ததைக் கட்டிவிட்டார்கள். அதன் பிறகும் வரி பாக்கி வருகிறது என்றால் அது குறைவாகப் பிடித்த கணக்கு, முதல் வகை. சம்பளச் சீட்டில் 80,000 ரூபாய் பிடித்ததாக இருந்து 26ஏஎஸ்-ல் 50,000 மட்டும் தெரிந்தால், மீதி 30,000 இரண்டாவது வகை.

ஒரு எச்சரிக்கை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டு டி.டி.எஸ். அறிக்கையைத் தாக்கல் செய்யக் கம்பெனிக்கு மே 31 வரை நேரம் இருக்கிறது. அது பதிவாகி 26ஏஎஸ்-ல் தெரிய மேலும் சில நாட்கள் ஆகும். அதனால் ஏப்ரல் மாதம் பார்த்துவிட்டு கம்பெனி பணத்தை அமுக்கிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஜூன் நடுவில் பாருங்கள். படிவம் 16-ஐ ஜூன் 15-க்குள் கொடுத்தாக வேண்டும்.

சம்பளக் கணக்கில் என்ன மாதிரித் தப்புகள் நடக்கின்றன?

அடிக்கடி நடப்பது, பாதியில் வேலை மாறியவருடைய பழைய சம்பளத்தைச் சேர்க்காமல் விடுவது. அதைத் தனிக் கேள்வியாகக் கீழே பார்க்கலாம்.

அப்புறம் போனஸ், ஊக்கத்தொகை, சேரும்போது தந்த தொகை போன்றவை வழக்கமான சம்பளப் பட்டியலுக்கு வெளியே தனியாகப் பட்டுவாடா ஆகி, வரிக் கணக்கில் ஏறாமல் போவது. கம்பெனிப் பங்குகளைச் சலுகை விலையில் தருகிறார்களே, அந்தச் சலுகையும் சம்பளம்தான். தாய்க் கம்பெனி வெளிநாட்டில் இருந்தால் அந்தத் தகவல் இங்கே சம்பளம் போடுகிறவர்களிடம் நேரத்துக்கு வந்து சேராமல் இருக்கும்.

புதிய வரி முறையின் விகிதத்தைப் போட்டுவிட்டு, பழைய முறைக்கு மட்டுமே உரிய வீட்டு வாடகைப் படியையும் 80சி சேமிப்புக் கழிவையும் சேர்த்துக் கழித்துவிடுவது இன்னொரு தப்பு. 2023-24 முதல் புதிய முறைதான் தானாகப் பொருந்தும் முறை. பழையது வேண்டும் என்று சொன்னவர்களையும் சொல்லாதவர்களையும் ஒரே கூடையில் போட்டுக் குழப்பிய சம்பளப் பட்டியல்களை நிறையவே பார்க்க முடிகிறது.

பாதியில் வேலை மாறினேன். இரண்டு கம்பெனியும் வரி பிடித்தார்கள். பிறகு எப்படி பாக்கி வந்தது?

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கம்பெனி, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஆண்டு வருமானம் 18 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 17,25,000.

முதல் நான்கு லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த நான்கு லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அடுத்த நான்குக்கு 10 சதவீதம், 40,000. அடுத்த நான்குக்கு 15 சதவீதம், 60,000. மீதி 1,25,000-க்கு 20 சதவீதம், 25,000. மொத்தம் 1,45,000. அதன் மேல் 4 சதவீத செஸ் 5,800 சேர்த்தால் 1,50,800 ரூபாய். இதுதான் உண்மையான வரி.

முதல் கம்பெனி ஆண்டு முழுவதும் இவர் இங்கேயே இருப்பார் என்று கணக்கிட்டு, ஆறு மாதத்தில் பாதியை, அதாவது 75,400-ஐப் பிடித்துவிட்டது. இரண்டாவது கம்பெனி பழைய சம்பளத்தைச் சேர்க்கவில்லை. அவர்கள் பார்வையில் இவருக்கு ஆண்டு வருமானம் ஒன்பது லட்சம், கழிவு போக 8,25,000. புதிய முறையில் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ஆறு மாதமும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. ஆகவே 75,400 பாக்கி.

பிடித்தம் இல்லாமல் சம்பளம் முழுதாக வந்த அந்த ஆறு மாதமும் யாருக்கும் சந்தேகம் வராது. புதுக் கம்பெனியில் கையில் கூடுதலாக வருகிறது என்றுதான் தோன்றும்.

பழைய சம்பள விவரத்தைப் புதிய கம்பெனிக்குத் தெரிவிக்கப் படிவம் 12பி இருக்கிறது. நீங்கள் அதைக் கொடுத்தும் அவர்கள் சேர்க்கவில்லை என்றால் அது அவர்கள் தப்பு. கொடுக்கவே இல்லை என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. எப்படி இருந்தாலும் 75,400-ஐ நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆனால் வட்டியை யார் ஏற்பது என்று பேசும்போது, 12பி கொடுத்த மின்னஞ்சல் உங்கள் கையில் இருப்பது பெரிய பலம்.

மார்ச் இன்னும் முடியவில்லை. தப்பை இப்போதே கண்டுபிடித்துவிட்டேன். என்ன செய்யலாம்?

இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒரு மாதம் குறைவாகப் பிடித்ததை அதே நிதியாண்டின் மீதி மாதங்களில் சேர்த்துப் பிடித்துச் சரிக்கட்ட 192(3) கம்பெனிக்கு அனுமதி தருகிறது. எச்.ஆர்.-க்கோ கணக்குப் பிரிவுக்கோ உடனே எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், மின்னஞ்சல் போதும். எந்தத் தொகை விடுபட்டது, உங்கள் கணக்கில் ஆண்டு வரி எவ்வளவு, மீதி மாதங்களில் மாதத்துக்கு எவ்வளவு பிடிக்கச் சொல்கிறீர்கள் என்பதை எழுதி, திருத்திய வரிக் கணக்குத் தாளைக் கேளுங்கள். அக்டோபரில் சொன்னால் ஆறு மாதமாகப் பிரியும். பிப்ரவரியில் சொன்னால் இரண்டு சம்பளமும் காணாமல் போய்விடும்.

அவர்கள் அசையவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். மார்ச் 31-க்குள் நீங்களே முன்கூட்டிய வரியாகக் கட்டிவிடுங்கள். மார்ச் 15-தான் கடைசித் தவணைத் தேதி என்றாலும், 31 வரை கட்டுவதும் முன்கூட்டிய வரியாகவே கணக்கில் சேரும். அடுத்த பதிலில் சொல்லும், மாதா மாதம் ஏறும் 234பி வட்டி அதனால் முழுதாக நின்றுவிடும். கட்டிய செலானைக் கம்பெனிக்கும் அனுப்பிவையுங்கள்.

வட்டி எவ்வளவு வரும்? கம்பெனி தப்புக்கு எனக்கு வட்டி போடுவது நியாயமா?

இரண்டு வட்டிகள். டி.டி.எஸ். போக உங்கள் வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீங்கள் முன்கூட்டிய வரி கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. கட்ட வேண்டியதில் 90 சதவீதத்தை மார்ச் 31-க்குள் கட்டவில்லை என்றால், ஏப்ரல் 1 முதல் கட்டும் மாதம் வரை மாதம் 1 சதவீதம் 234பி வட்டி. ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகிய தவணைகளைத் தவறவிட்டதற்கு 234சி வட்டி.

மேலே சொன்ன 75,400 பாக்கியை ஜூலை 20-ஆம் தேதி கட்டினால், 234பி நான்கு மாதத்துக்கு 3,016 ரூபாய். 234சி சுமார் 3,800 ரூபாய். இரண்டும் சேர்ந்து ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. 234பி-யில் மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாத வட்டி. ஜூலை 31-க்கும் ஆகஸ்ட் 1-க்கும் இடையில் ஒரே நாளில் 754 ரூபாய் ஏறும். ஏப்ரல் மாதமே தெரிந்துவிட்டது என்றால், படிவம் 16 வரட்டும் என்று ஜூன் வரை உட்கார்ந்திருக்காதீர்கள். உத்தேசமாகக் கணக்கிட்டு ஏப்ரலிலேயே கட்டினால், ஜூலையில் கட்டுவதைவிட மூன்று மாத வட்டி மிச்சம்.

நியாயமா என்றால், எனக்கு இது நியாயமாகப் படவில்லை. வரி பிடிக்கும் பொறுப்பைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் பிடிக்காததற்கு ஊழியரிடம் வட்டி வாங்குவது முறையல்ல. ஒரு காலத்தில் நீதிமன்றங்களும் அப்படிப் பார்த்தன. மிட்சுபிஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல், பணம் கொடுத்தவர் வரி பிடித்திருக்க வேண்டிய தொகைக்கு வாங்கியவரிடம் 234பி வட்டி கேட்க முடியாது என்று பழைய ஆண்டுகளுக்குச் சொன்னது. ஆனால் 2012-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது. பிடித்தம் இல்லாமல் கைக்கு வந்த வருமானத்துக்கு இப்போது நீங்களே முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். கம்பெனி தப்பு என்ற காரணம் மட்டும் வட்டியைத் தள்ளுபடி செய்யாது.

பாக்கியை எப்படிக் கட்டுவது?

இ-ஃபைலிங் தளத்தில் இ-பே டாக்ஸ் பகுதிக்குப் போங்கள். நிதியாண்டு முடிந்துவிட்டது என்றால் சுயமதிப்பீட்டு வரி, குறியீடு 300. முடியவில்லை என்றால் முன்கூட்டிய வரி, குறியீடு 100. மதிப்பீட்டு ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். 2025-26-ல் வாங்கிய சம்பளத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. இதில் தவறினால் பணம் வேறு ஆண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும், ரிட்டர்னில் பாக்கி அப்படியே நிற்கும்.

மொத்தமாகப் பணம் இல்லை என்றால் இரண்டு மூன்று செலான்களாகக் கட்டலாம், தடை இல்லை. ரிட்டர்ன் போடுவதற்குள் எல்லாம் கட்டி முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். பழைய முறையிலும் புதிய முறையிலும் இரண்டு கணக்கும் போட்டுப் பாருங்கள். வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர், கம்பெனியிடம் எதைச் சொல்லியிருந்தாலும், ரிட்டர்ன் போடும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். பழைய முறைக்குப் போவதானால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட வேண்டும். வீட்டுக் கடனும் வாடகையும் உள்ளவர்களுக்குச் சில சமயம் பாக்கி பாதியாகக் குறைகிறது.

படிவம் 16-ல் போனஸ் விடுபட்டிருக்கிறது. அதில் உள்ளபடியே ரிட்டர்ன் போட்டுவிடலாமா?

கூடாது. ரிட்டர்னில் வர வேண்டியது உண்மையில் வாங்கிய சம்பளம். படிவம் 16 கம்பெனி தரும் சான்று, அவ்வளவுதான். அதில் குறைவாக இருக்கிறது என்பதற்காக நீங்களும் குறைத்துக் காட்டினால் தப்பு உங்களுடையதாகிவிடும். கம்பெனியிடம் திருத்திய படிவம் 16 கேளுங்கள். அதற்கு அவர்கள் காலாண்டு அறிக்கையான 24கியூ-வைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டும். கெடு நெருங்கியும் வரவில்லை என்றால், சரியான தொகையைக் காட்டி, வரியைக் கட்டி, ரிட்டர்னைப் போட்டுவிடுங்கள். சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் உங்களுக்கு ஆதாரம்.

ரிட்டர்ன் போட்ட பிறகுதான் தப்பு தெரிந்தது.

டிசம்பர் 31-க்குள் தெரிந்தால் திருத்திய ரிட்டர்ன் போடுங்கள். வரியும் வட்டியும் மட்டும்தான் செலவு. திருத்தும் காலமும் தாண்டிவிட்டால் ஐ.டி.ஆர்.-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை அதைப் போடலாம். ஆனால் விலை கூடுதல். முதல் ஆண்டுக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் அதிகமாகக் கட்ட வேண்டும், அடுத்தடுத்த ஆண்டுகளில் 50, 60, 70.

அபராதம், வழக்கு என்று ஏதாவது வருமா?

நீங்களே வருமானத்தை முழுதாகக் காட்டி வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. அபராதம் என்பது வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு. 270ஏ-படி அது வரியில் 50 சதவீதம், வேண்டுமென்றே தவறாகக் காட்டியிருந்தால் 200 சதவீதம். நேர்மையான விளக்கம் இருந்து, எல்லா விவரமும் கொடுத்திருந்தால் விலக்கு உண்டு. கம்பெனித் தப்பை நீங்கள் நம்பியதற்கான தாள்களைப் பத்திரமாக வைத்திருப்பது இங்கேயும் உதவும்.

143(1) நோட்டீஸ் வந்து, பாக்கி கட்டச் சொல்கிறது. என்ன செய்வது?

இது ரிட்டர்னைச் சரிபார்த்த பிறகு துறை அனுப்பும் அறிவிப்பு. பதறாமல் ஒவ்வொரு இனமாக ஒப்பிடுங்கள். நீங்கள் காட்டிய தொகை ஒரு பக்கம், துறை கணக்கிட்டது மறுபக்கம் என்று அதிலேயே இருக்கும். வித்தியாசம் வருமானத்திலா, டி.டி.எஸ். வரவிலா என்று பாருங்கள். வருமானம் உண்மையிலேயே விடுபட்டிருந்தால் 30 நாளுக்குள் கட்டுங்கள். தாண்டினால் மாதம் 1 சதவீதம் 220(2) வட்டி தனியாக ஓடும். ஒரே தடவையில் கட்ட முடியாது என்றால் அந்த 30 நாளுக்குள்ளேயே, தவணை கேட்டு உங்கள் மதிப்பீட்டு அதிகாரிக்கு விண்ணப்பியுங்கள்.

டி.டி.எஸ். வரவில் வித்தியாசம் என்றால், கட்டாதீர்கள். அடுத்த பதிலைப் படியுங்கள்.

சம்பளத்தில் வரியைப் பிடித்துவிட்டார்கள், அரசுக்குக் கட்டவில்லை. துறை என்னிடம் கேட்கிறது.

கடன் சுமையில் தள்ளாடும் கம்பெனிகள் முதலில் கைவைப்பது ஊழியர்களிடம் பிடித்த வரியிலும் பி.எஃப்.-லும்தான். சம்பளமே தாமதமாக வரும் இடத்தில் இது கூடுதல் அடி. உங்கள் உரிமை இதில் தெளிவானது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

205-ஆம் பிரிவை முன்பே சொன்னேன். நேரடி வரிகள் வாரியமும் 2015 ஜூன் 1-லும் 2016 மார்ச் 11-லும், பிடித்துக் கட்டப்படாத வரிக்காக ஊழியரை நெருக்கக் கூடாது என்று தன் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் மூழ்கியபோது அதன் ஊழியர்கள் பலருக்கு இந்தக் கதி நேர்ந்தது. பைலட் ஒருவர் தொடுத்த வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் 2021-ல் ஊழியர் பக்கமே நின்றது. 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அந்தப் பாக்கியை ஊழியருக்கு வர வேண்டிய ரீஃபண்டில் கழித்துக்கொள்வதும் மறைமுகமாக வசூலிப்பதுதான், அதுவும் கூடாது என்றது.

இவ்வளவு இருந்தும், 26ஏஎஸ்-ல் இல்லாத வரவைக் கணினி ஏற்றுக்கொள்ளாமல் நோட்டீஸ் அனுப்பிவிடுகிறது. அப்போது செய்ய வேண்டியது இதுதான். தளத்தில் நிலுவைக் கோரிக்கைக்குப் பதில் தரும் பகுதியில் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை என்று பதிவு செய்யுங்கள். சம்பளச் சீட்டுகள், பிடித்தம் போக நிகரச் சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, இருந்தால் படிவம் 16, கம்பெனியோடு நடந்த கடிதங்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். அதே தாள்களோடு உங்கள் மதிப்பீட்டு அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 205-ஆம் பிரிவையும் வாரியத்தின் அந்த இரண்டு தேதிகளையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். ரீஃபண்டில் கழிக்கப்போகிறோம் என்று 245-ஆம் பிரிவின் கீழ் அறிவிப்பு வந்தால், அதில் குறித்த நாட்களுக்குள் மறுப்புத் தெரிவித்துவிடுங்கள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

வரி பிடித்தார்கள் என்பதை நிரூபிக்கும் வேலை உங்களுடையது. அதற்கு அடிப்படை சம்பளச் சீட்டு. வேலையை விட்ட அன்றே கம்பெனியின் இணைய நுழைவு மூடப்பட்டுவிடும். சீட்டுகளை மாதா மாதம் இறக்கிச் சொந்த மின்னஞ்சலில் சேர்த்துவையுங்கள். சீட்டே தராத சிறு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், மொத்தச் சம்பளம், பிடித்தம், நிகரத் தொகை மூன்றையும் எழுதிக் கேட்டு ஒரு மின்னஞ்சல் பதிலாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

வரி கட்டியிருக்கிறார்கள், ஆனால் என் பான் எண்ணில் வரவில்லை.

பெரும்பாலும் ஒரு எழுத்தோ எண்ணோ மாறி வேறொருவர் கணக்கில் போயிருக்கும். நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கம்பெனிதான் 24கியூ-வைத் திருத்த வேண்டும். திருத்தவும் காலக்கெடு உண்டு என்பதால் தெரிந்த வாரமே எழுதுங்கள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். எங்களுக்கும் இதே விதியா?

விதி ஒன்றுதான், கம்பெனிக்குப் பதில் சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர். தமிழ்நாட்டில் சம்பளப் பட்டியல் களஞ்சியம் என்ற அரசு மென்பொருள் வழியாகப் போகிறது. அரசு அலுவலகங்கள் வரியை வங்கியில் கட்டாமல் புத்தகப் பதிவாகவே மாற்றுவதால், கருவூலம் அல்லது சம்பளக் கணக்கு அலுவலகம் 24ஜி அறிக்கை கொடுக்க, உங்கள் அலுவலகம் 24கியூ கொடுக்க, இரண்டும் பொருந்தினால்தான் 26ஏஎஸ்-ல் வரவு தெரியும். பிடித்த வரி காணோம் என்றால் முதலில் 24கியூ போட்டார்களா என்று அலுவலகத்தில் கேளுங்கள். காலாண்டு அறிக்கையை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம் விழும் என்பதை நினைவூட்டினால் வேலை கொஞ்சம் வேகமாக நடக்கும்.

அகவிலைப்படி அரியர், ஊதிய நிர்ணய அரியர் மொத்தமாக வந்த ஆண்டில் வரி குறைவாகப் பிடித்திருந்தால், பாக்கியைக் கட்டுவதற்கு முன் 89-ஆம் பிரிவு நிவாரணம் கிடைக்குமா என்று பாருங்கள். அரியர் எந்த ஆண்டுகளுக்கு உரியதோ அந்த ஆண்டுகளில் பிரித்துக் கணக்கிடும் வழி அது. ரிட்டர்னுக்கு முன்னால் படிவம் 10இ-ஐத் தளத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். அதை விட்டவர்களுக்கு நிவாரணம் மறுக்கப்பட்டு நோட்டீஸ் வருகிறது.

நான் ஓய்வூதியர். எனக்கும் வட்டி உண்டா?

60 வயது நிறைந்து, வியாபார வருமானம் இல்லை என்றால் உங்களுக்கு முன்கூட்டிய வரிக் கடமையே கிடையாது. ஆகவே 234பி, 234சி இரண்டும் வராது. பாக்கி வரியை மட்டும் கெடுவுக்குள் கட்டி ரிட்டர்ன் போட்டால் போதும்.

போன ஆண்டு பாக்கியை இந்த மாதச் சம்பளத்தில் பிடிக்கப் போகிறோம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

நீங்கள் ஏற்கெனவே சுயமதிப்பீட்டு வரியாகக் கட்டிவிட்டீர்கள் என்றால் செலானைக் காட்டி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரே வரியை இரண்டு முறை கட்டிவிட்டு ரீஃபண்டுக்கு அலைய வேண்டியிருக்கும். இன்னும் கட்டவில்லை என்றால், பிடிக்கும் தொகையைப் போன நிதியாண்டுக்கே செலுத்தி, அந்த ஆண்டின் 24கியூ-வைத் திருத்தி, திருத்திய படிவம் 16 தருவோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ஆண்டுக் கணக்கில் போட்டுவிட்டால் போன ஆண்டு பாக்கி அப்படியே வட்டியோடு வளரும். என்னைக் கேட்டால் நீங்களே கட்டிவிடுவது சுத்தம்.

வட்டியையாவது கம்பெனியிடம் கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். தர வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் தப்பு தங்களுடையது என்று தாளில் தெளிவாக இருந்தால் தரும் நிறுவனங்கள் உண்டு. தொகையைக் கணக்கிட்டு, எந்த மின்னஞ்சலில் எந்தத் தகவலை எப்போது கொடுத்தீர்கள் என்று குறிப்பிட்டு, மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வரியையோ வட்டியையோ கம்பெனி ஏற்றுக்கொண்டால், 17(2)-படி அதுவும் சம்பளத்தோடு சேர்ந்த சலுகைதான், அதற்கும் வரி உண்டு.

கம்பெனிக்கு ஒன்றும் ஆகாதா?

ஆகும். குறைவாகப் பிடித்தால் 201-ஆம் பிரிவின் கீழ் அவர்கள் கடமை தவறியவர் ஆகிறார்கள். பிடிக்காததற்கு மாதம் 1 சதவீதம், பிடித்துக் கட்டாததற்கு மாதம் 1.5 சதவீதம் வட்டி. பிடிக்காத வரிக்குச் சமமான தொகை வரை 271சி அபராதம் வரலாம். பிடித்த வரியைக் கட்டாமல் வைத்துக்கொள்வது 276பி-யின் கீழ் சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். படிவம் 16 தராமல் இழுத்தடித்தால் ஒரு நாளைக்கு 500 ரூபாய் அபராதம். புகாரைக் கம்பெனியின் டான் எண்ணுக்கு (வரி பிடிப்பவர்களுக்குத் துறை தரும் எண்) உரிய டி.டி.எஸ். அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அது யார் என்று இ-ஃபைலிங் தளத்தில் டான் எண்ணைப் போட்டே பார்க்கலாம். சும்மா கணக்குத் தப்பு என்றால் முதலில் பேசிப் பாருங்கள். பிடித்த பணத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாம் கட்டி முடித்துவிட்டேன். இப்போது கம்பெனி என் ரிட்டர்ன் விவரம் கேட்கிறது. எதற்கு?

படிவம் 26ஏ-க்காக இருக்கும். நீங்கள் அந்த வருமானத்தைக் காட்டி, வரியைக் கட்டி, ரிட்டர்னும் போட்டுவிட்டீர்கள் என்று ஒரு ஆடிட்டர் சான்று கொடுத்தால், குறைவாகப் பிடித்த வரியைக் கம்பெனி தன் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. நீங்கள் ரிட்டர்ன் போட்ட தேதி வரைக்குமான வட்டியை மட்டும் அவர்கள் கட்டினால் போதும். கொடுப்பதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை. முழு ரிட்டர்னையும் தர வேண்டியதும் இல்லை. ஒப்புகை எண், தாக்கல் செய்த தேதி, சம்பள வருமானம் உள்ள பக்கம், செலான் இவற்றை நேரடியாக ஆடிட்டருக்கு அனுப்புவதாகச் சொல்லுங்கள். வட்டியைக் கம்பெனி திருப்பித் தருமா என்ற பேச்சு இன்னும் முடியாமல் இருந்தால், அதை முடித்துக்கொள்ள இது நல்ல நேரம்.